கருங்காலியில் அம்பு செய்யலாமா?



போன வாரம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். இப்போது அவர் மகளே எட்டாம் வகுப்பு. "டீச்சர், பொண்ணு வில்வித்தை கத்துக்குறா. மர அம்பு நாமே செஞ்சு கொடுக்கலாம்னு ஆசை. கருங்காலியில செஞ்சா நல்லா கனமா, ஸ்ட்ராங்கா இருக்கும்ல? நம்ம பட்டறைக்காரர் செஞ்சு தரேன்னு சொல்றாரு" என்றார்.

இரண்டு நாள் பொறுங்கள், எழுதியே சொல்கிறேன் என்றேன். போனில் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். நம் ஊருக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு பதில் மரமாக நிற்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அடர்த்தி பாடம் நினைவிருக்கிறதா? நிறையைக் கன அளவால் வகுக்க வேண்டும். தண்ணீருக்கு அடர்த்தி 1. அதற்கு மேல் இருந்தால் மூழ்கும், கீழே இருந்தால் மிதக்கும். நன்றாக வைரம் பாய்ந்த கருங்காலிக்கு ஏறக்குறைய 1.1, அதனால் தண்ணீரில் மூழ்கிவிடும். தேக்குக்கு 0.65 அளவில் இருக்கும். ஐரோப்பாவில் வளரும் பாப்ளர் என்ற மெல்லிய மரத்துக்கு 0.45 அளவு.

அம்பின் தண்டு 76 சென்டிமீட்டர் நீளம், 9 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு சுமார் 48 கன சென்டிமீட்டர் வரும். முனையும் இறகும் சேர்க்காமல் பாப்ளர் தண்டு 22 கிராம், தேக்குத் தண்டு 31 கிராம், கருங்காலித் தண்டு 53 கிராம். ஒரே வில், ஒரே கை, ஒரே இழுப்பு. 53 கிராம் அம்பு மெதுவாகக் கிளம்பிப் பாதி வழியிலேயே தலை கவிழும். சின்னப் பெண் இழுக்கும் வில்லில் அது இலக்குப் பலகை வரை போனாலே பெரிது.

"இழைத்து மெல்லிசாக்கிவிட்டால் எடை குறையுமே" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். குறையும். ஆனால் அங்கே இன்னொரு கணக்கு குறுக்கே வருகிறது. உருண்டைக் கோலின் எடை அதன் தடிமனின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வளையாமல் நிற்கும் விறைப்போ நான்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. எடை பாதியாகும் வரை இழைத்தால் விறைப்பு கால் பங்காகிவிடும். 9 மில்லிமீட்டர் கோலை 6.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தாலே இந்த நிலை வந்துவிடும். கருங்காலி இயல்பிலேயே விறைப்பான மரம்தான், ஆனால் இத்தனை இழப்பை அது ஈடுகட்டாது. அதே எடையில் லேசான மரத்தைத் தடிமனாக வைத்தால் கோல் இன்னும் விறைப்பாக நிற்கும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்லப்போகும் வரலாறு முழுவதும் இதில்தான் சுற்றும்.

விறைப்பு ஏன் முக்கியம்? நாண் அம்பைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னால் வில்லின் தண்டு வழியில் நிற்கிறது. அம்பு கொஞ்சம் வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, மீன் நீந்துவது போல இரண்டு பக்கமும் நெளிந்து, பிறகுதான் நேராகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நெளிவை 1930களில் அதிவேகக் கேமராவில் படமெடுத்துக் காட்டினார்கள். அம்பு வளையவே மாட்டேன் என்றால் வில்லில் இடித்து விலகும். அளவுக்கு மீறி வளைந்தாலும் குறி தப்பும். ஆகவே அம்புக்கு வேண்டியது வளைந்து உடனே நிமிரும் குணம். கடினம் அதற்கு அடுத்தபடிதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

அம்பின் வரலாற்றைச் சொல்வதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. எலும்பும் கல்லும் இரும்பும் மண்ணில் தங்கும், மரம் மக்கிப்போகும். இலங்கையில் களுத்துறை மாவட்டத்தில் பாகியங்கல என்ற குகை இருக்கிறது. சீன யாத்திரிகர் பாகியான் பெயரால் அழைக்கப்படுவது. அங்கே கிடைத்த எலும்பு முனைகளில் மிகப் பழையவை சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2020ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. குரங்கும் அணிலும் வேட்டையாடிய மழைக்காட்டு மக்கள். முனை கிடைத்தது, தண்டு கிடைக்கவில்லை. நம் தமிழகத்துப் பெருங்கற்கால ஈமக்காடுகளிலும் இதே கதைதான். இரும்பு அம்பு முனைகள் துருப்பிடித்த நிலையில் கிடைக்கின்றன, அவற்றைத் தாங்கிய கோல் இல்லை. செங்கம் பக்கத்து நடுகற்களில் வீரன் கையில் வில் இருக்கிறது. கல்லில் வடிவம் தெரியும், எந்த மரம் என்று தெரியாது.

மரம் தப்பிப் பிழைத்த இடங்கள் மிகச் சில. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்குப் பக்கத்தில் ஸ்டெல்மூர் என்ற சேற்று நிலத்தில் 1930களில் சுமார் 100 அம்புகள் கிடைத்தன. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. பைன் மரத்தில் செய்தவை. அவற்றில் சில, தண்டு ஒன்று, முன்பகுதி ஒன்று என்று இரண்டாகச் செய்து சொருகியவை. போரில் குண்டு விழுந்து அந்த அம்புகள் அழிந்துவிட்டன, குறிப்புகள் மட்டும் மிஞ்சின.

அடுத்தது ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள் 1991இல் கிடைத்த மனிதர். ஊட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவர். அவருடைய அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன. இரண்டு மட்டும் முடிந்தவை, மற்ற 12 செதுக்கிக்கொண்டிருந்தவை. தண்டுகள் வைபர்னம் என்ற புதர்ச்செடியின் நேரான இளங்கிளைகள். அதில் ஓர் அம்புக்கு மட்டும் முன்பக்கத்தில் கார்னல் என்ற மிகக் கடினமான மரத்துண்டைச் சேர்த்திருக்கிறார். பாருங்கள், கடினமரத்தை அவர் ஒதுக்கவில்லை. எந்த இடத்தில் இடி விழுமோ அந்த இடத்தில் மட்டும் வைத்தார். பின்பகுதி லேசாக, முன்பகுதி கனமாக இருந்தால் அம்பு தலை முன்னே நேராகப் போகும். அந்தமான் தீவுகளின் பழங்குடிகளும் மூங்கில் தண்டின் நுனியில் கடினமரத் துண்டைச் சேர்த்தார்கள். நியூகினித் தீவில் நாணல் தண்டுக்குப் பனை இன மரத்தின் வைரத்தில் முனை வைப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத மக்கள் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் இருக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் போல்சானோ நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனால் ஊட்சியையும் அந்த அம்புகளையும் பார்க்கலாம். ஊட்சி இறந்ததும் அம்பால்தான். இடது தோளில் பதிந்திருந்த கல்முனையை 2001இல்தான் எக்ஸ்ரேயில் கண்டார்கள்.

இந்தியாவில் என்ன செய்தார்கள்? கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கிமு 480இல் பாரசீக மன்னன் படையோடு கிரேக்கத்துக்குப் போன இந்திய வீரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பருத்தி ஆடை, நாணல் வகை வில், நாணல் அம்பு, அதில் இரும்பு முனை என்கிறார். பிறகு அலெக்சாண்டருடன் வந்த நியார்க்கஸ், இங்குள்ள வில் ஆள் உயரம் இருக்கும், ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தி நாணை இழுப்பார்கள், அம்பு மூன்று முழத்துக்குச் சற்றே குறைவு, அதைக் கேடயமும் கவசமும் தாங்காது என்று வியந்திருக்கிறார்.

அம்புக்கு வழங்கும் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். 'சரம்' என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் நாணல். அம்பைத் தமிழில் 'கோல்' என்றும் சொன்னோம். திருவள்ளுவர் கூடாவொழுக்கம் அதிகாரத்தில் அம்பையும் யாழையும் ஒப்பிடுகிறார். நேராக இருந்தாலும் அம்பு கொடுமை செய்யும், வளைந்திருந்தாலும் யாழ் இனிமை தரும், ஆகவே மனிதரைச் செயலால் அறிக என்பது பொருள். அந்த உவமை நிற்க வேண்டுமானால், அம்பு என்றதும் கேட்பவர் மனத்தில் 'நேர்' என்ற குணம்தான் முதலில் தோன்ற வேண்டும். அந்தக் காலத்து மக்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

நாணலும் சிறு மூங்கிலும் உள்ளே குழல். சைக்கிள் கம்பி குழலாக இருப்பதற்கும் அதே காரணம்தான். பொருள் வெளி விளிம்பில் இருந்தால் குறைந்த எடையில் நிறைய விறைப்பு கிடைக்கும். இயற்கை செய்து கொடுத்த அம்பு அது. வைரம் பாய்ந்த மரங்களுக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில், நம் முன்னோர் வில்லில் தொடுக்க ஓடையோரத்து நாணலைத் தேடிப் போனதற்கு நான் முன்னால் போட்ட கணக்கே விளக்கம்.

இனி மரத்தண்டில் பெயர் பெற்ற இங்கிலாந்து. அங்கே நல்ல நாணல் கிடையாது, மரத்தையே நம்ப வேண்டும். 1415இல் அஜின்கூர் போரில் பிரெஞ்சுப் படையை இங்கிலாந்தின் வில்லாளிகள் முறியடித்தார்கள். அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. ஆஸ்பென் என்ற மரத்தைக் கட்டைச் செருப்பு செய்பவர்கள் தொடக்கூடாது, அது அம்புக்கு வேண்டும் என்று. ஆஸ்பென் பாப்ளர் குடும்பம். மென்மையான, லேசான மரம். ஒரு நாடு சட்டம் போட்டுக் காப்பாற்றியது அந்த மரத்தைத்தான்.

இதை மறுத்துப் பேசிய ஒருவர் இருந்தார். அவரும் நம் இனம்தான், ஆசிரியர். ரோஜர் ஆஸ்கம். பின்னாளில் அரசியான முதலாம் எலிசபெத்துக்கு இளமையில் பாடம் சொன்னவர். 1545இல் வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அம்புக்கு ஆகும் 15 மரங்களைப் பட்டியல் போட்டுத் தரம் பிரித்தார். மிகக் கனமான மரங்களில் செய்த அம்பு செத்தது போலத் தடுமாறிப் போகும், மிக லேசான மரங்களில் செய்தது காற்றில் அலையும், வில்லின் உதையைத் தாங்கும் பலமும் தூரம் போகும் லேசும் சேர்ந்த நடுத்தர மரங்களே சிறந்தவை என்பது அவர் முடிவு. போருக்கு மட்டும் ஆஸ்பெனைவிட ஆஷ் மரம் மேல், கனமாகப் போய் விழும் என்றார். பலமான ஆள், பலமான வில், கவசம் போட்ட எதிரி என்றால் அம்பின் கனம் உதவும். அவர் சொன்னது நியாயம்தான்.

அவருடைய பட்டியலில் கனமானவை வரிசையில் 'பிரேசில்' என்றொரு மரம் வருகிறது. இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குத் தென்னமெரிக்க நாடு நினைவுக்கு வரும். உண்மையில் அந்தப் பெயர் முதலில் நம் பக்கத்து மரத்துக்கு வழங்கியது. துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கும் பதங்கம் இருக்கிறதே, சப்பங்கி என்போமே, கேரளத்தில் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்களே, அந்தக் கட்டைக்குத்தான் ஐரோப்பியர் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். பிறகு தென்னமெரிக்காவில் அதே சாயம் தரும் இன்னொரு மரத்தைக் கண்டு அதையும் அப்படியே அழைத்தார்கள். மரத்தின் பெயர் நாட்டுக்கு நிலைத்தது. கீழைக்கடல் வழியே போன ஒரு பெயர் லண்டன் அம்பறாத்தூணியில் ஏறி, 'கனம் அதிகம், வேண்டாம்' என்ற தீர்ப்பும் வாங்கியிருக்கிறது!

ஆஸ்கம் நூல் வந்த அதே 1545இல், ஜூலை மாதம், மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பல் கடலில் மூழ்கியது. 1982இல் அதைத் தூக்கினார்கள். சேற்றுக்குள் 3,500 அம்புகள் அளவில் கிடைத்தன. ஆராய்ந்து பார்த்தால் பெரும்பாலானவை பாப்ளர் வகை. வாத்தியார் சொன்னதைப் படைக்கலக்காரர்கள் கேட்கவில்லை! அந்தத் தண்டுகள் ஏறக்குறைய அரை அங்குலத் தடிமன். நம் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். லேசான மரம், அதனால் தடிமனாக வைக்கலாம், அதனால் அந்தப் பெரிய விற்களின் உதையைத் தாங்கும் விறைப்பு. பட்டறையில் நின்று வேலை செய்தவர்கள் நான்மடிப் பெருக்கம் படித்ததில்லை. கை சொன்னதைச் செய்தார்கள்.

இப்போது நம் பக்கத்துக் கரைக்கு வருவோம். இலங்கை வேடர்கள் மரத்தண்டில் அம்பு செய்தவர்கள். மட்டக்களப்பிலிருந்து வாகரை, மூதூர் வரையான கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடர் ஊர்கள் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த மூதூர்ப் பக்கத்தில், கொட்டியாரத்தில், 1660இல் பிடிபட்டு ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி அரசில் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் தப்பிப்போய் 1681இல் ஒரு நூல் எழுதினார். அதில் வேடரைப் பற்றி ஒரு செய்தி. அம்பு முனை வேண்டுமென்றால் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து ஓர் இறைச்சித் துண்டைத் தொங்கவிட்டுப் போவார்களாம். பக்கத்தில், முனை எந்த வடிவத்தில் வேண்டுமோ அந்த வடிவில் வெட்டிய இலை. கொல்லன் அப்படியே செய்து வைத்தால், இன்னும் இறைச்சி கொண்டுவந்து கைம்மாறு செய்வார்கள். செய்யாவிட்டால் அவனுக்கு அம்பு வருமாம்!

இரும்பு முனையைக் கொல்லனிடம் வாங்கினார்கள், கோலை யாரிடமும் கேட்கவில்லை. அது அவர்கள் காட்டு அறிவு. அவர்கள் தேர்ந்த மரத்துக்குச் சிங்களத்தில் வெலன் என்று பெயர், ஈழத்தமிழில் வினாங்கு. தாவரவியலில் தெரோஸ்பெர்மம் பேரினத்தைச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேடரோடு தங்கி எழுதிய செலிக்மன் தம்பதியின் 1911ஆம் ஆண்டு நூலிலும் அது பதிவாகியிருக்கிறது. கருங்காலி விளையும் தீவு அது. இலங்கைக் கருங்காலிக்கு உலகச் சந்தையில் பெயரே உண்டு. அந்த மரத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, வேடர் நடுத்தரக் கடினமும் நல்ல இழுவையும் உள்ள வெலனை எடுத்தார்கள்.

அந்த மரம் நம் கரையிலும் உண்டு. நாம் வெண்ணாங்கு என்போம். இலையின் அடிப்புறம் வெள்ளைச் சாம்பல் பூசியது போல இருக்கும், பூ வெள்ளையாக நல்ல வாசனையோடு பூக்கும். இலங்கை மரமும் நம் மரமும் ஒரே இனம் என்று சில தாவரவியலார் சேர்க்கிறார்கள், நெருங்கிய உறவு என்று சிலர் பிரிக்கிறார்கள். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் கரையோரத்தில் ஒரு காலத்தில் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களில் அது ஒன்று. அந்தக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் கோயில் காடுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குக் கிடா வெட்டவும் பொங்கல் வைக்கவும் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்! கோயிலைச் சுற்றி நிற்பது அந்த வகைக் காடுதான். சாமி காட்டில் சுள்ளி ஒடிக்கக்கூடாது என்ற பயம்தான் அதை இதுவரை காப்பாற்றியது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அதே கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. வினாங்கு என்ற பெயரை அறிந்த பெரியவர்களும், வெண்ணாங்கு என்ற பெயரை அறிந்த பெரியவர்களும் ஒரே ஊரில் இருக்க வாய்ப்புண்டு. இருவரையும் உட்காரவைத்துக் கேட்டுக் குறித்துக்கொள்வது ஒரு நல்ல வேலை.

அப்படியானால் கனமான மரம் ஆயுதத்துக்கே ஆகாதா? ஆகும். அதற்குச் சிவகங்கைச் சீமையின் வளரியே சாட்சி. பிறை போல வளைந்தது, ஒரு முனை கனம், ஒரு முனை மெலிவு. நார் நெருங்கிய கடினமரத்தில் செய்வார்கள், இரும்பிலும் தந்தத்திலும் செய்ததுண்டு. 1795 வாக்கில் சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தார் என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி பின்னாளில் எழுதினார். தேர்ந்த கையில் 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் சாட்சியம். அந்தக் குருவையும் அண்ணன் பெரிய மருதுவையும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். அந்தப் போருக்குப் பிறகு பாளையங்களில் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வளரி எறியும் கையும், அதற்கு மரம் பார்க்கும் கண்ணும் மெல்ல மறைந்தன.

வளரிக்கு ஏன் கனமரம்? அதைத் தள்ள நாண் இல்லை. வில்லைச் சுற்றி நெளிய வேண்டியதில்லை. மனிதக் கையின் வீச்சு மெதுவானது, அந்த மெதுவான வீச்சில் முழுப் பலத்தையும் வாங்கிக்கொண்டு போக எடை வேண்டும். பிங்பாங் பந்தையும் கிரிக்கெட் பந்தையும் எறிந்து பாருங்கள், எது தூரம் போகிறது என்று தெரியும். அதே சீமையில் அம்புக்கு ஒரு பொருள், வளரிக்கு ஒரு பொருள். வேலையைப் பார்த்து மரத்தைத் தேர்ந்தார்கள்.

நம் வீடுகளிலும் அப்படித்தானே இருந்தது? உலக்கைக்குக் கருங்காலி, செக்குக்கு வாகை, வீணைக்குப் பலா, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சா. கிணற்றடியில் தண்ணீர் தெளிய நெல்லிக்கட்டை போடுவார்கள். நம் பேட்டைக்கே பெயர் கொடுத்த மரம் அது. ஆச்சாவை உலக்கை ஆக்கவில்லை, பலாவைச் செக்கு ஆக்கவில்லை. 'நல்ல மரம்' என்று தனியாக ஒன்று கிடையாது. 'இதற்கு நல்ல மரம்' என்பதுதான் உண்டு.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்று கருங்காலி படும் பாட்டைப் பார்த்துத்தான். இரண்டு மூன்று வருடமாகக் கருங்காலி மாலை, கருங்காலி வளையம், கருங்காலி வேல் என்று எங்கு பார்த்தாலும் விற்கிறார்கள். பாதி, சாயம் ஏற்றிய வேறு மரம். மீதிப் பாதிக்கு எங்கோ ஒரு பழைய மரம் விழுந்திருக்கிறது. கருங்காலி மெதுவாக வளரும் மரம், நடுவில் வைரம் கறுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். நம் தாத்தா காலத்தில் துளிர்த்தது இன்று ஒரு முழம் மணியாகக் கழுத்தில் தொங்குகிறது. அணிகிறவர்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கனமானது, கறுப்பானது, விலை உயர்ந்தது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் செய்யப் புறப்பட்டால் காடு தாங்காது. தேவையில்லாத இடத்தில் அதைக் கேட்காமல் இருப்பதே நாம் அந்த மரத்துக்குச் செய்யும் பெரிய உதவி.

அந்தத் தகப்பனாருக்கும், இதே எண்ணம் உள்ள மற்றவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான்.

மகளின் வில்லுக்கு எத்தனை எடை, எத்தனை விறைப்புள்ள அம்பு வேண்டும் என்பதை முதலில் பயிற்சியாளரிடம் கேளுங்கள். நம் நாட்டுப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்ற பிரிவில் மூங்கில் வில்லும் மர அம்பும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அதில் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் விரல்நுனியில் இருக்கும்.

பட்டறையில் மரம் பார்க்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், நாரைப் பாருங்கள். நார் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கோலுக்கு இணையாக ஓட வேண்டும். நார் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் உடையும். கணு இருக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பத்துக் கோல் செய்தால் பத்தையும் தராசில் வையுங்கள், எடையில் ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி எய்தாலும் எடை மாறினால் விழும் இடம் மாறும்.

மிக லேசான அம்பும் ஆபத்து. வில்லின் பலத்தை அம்பு வாங்காவிட்டால் அது வில்லையே உடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மர அம்பை ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் கையால் லேசாக வளைத்து, விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் சுற்றிப் பாருங்கள். விரிசல் விட்ட அம்பு நாணின் உதையில் உடைந்து, சிராய் வில் பிடித்த கையிலேயே ஏறிவிடும். சந்தேகம் வந்தால் அந்த அம்பை ஒடித்துப் போட்டுவிடுங்கள், வேறு பிள்ளை எடுத்து எய்யாமல் இருக்கட்டும். பயிற்சியாளர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை வீட்டில் செய்த அம்பைத் தொடுக்க விடாதீர்கள்.

வெண்ணாங்கைத் தேடிக் கோயில் காட்டுக்குள் அரிவாளோடு போய்விடாதீர்கள்! பார்த்துவிட்டு வாருங்கள், இலையைத் திருப்பிப் பிள்ளைக்கு வெள்ளை நிறத்தைக் காட்டுங்கள். அது போதும். இலையைச் சரியாக அடையாளம் காண வேண்டுமென்றால், நம் ஊர் செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நர்சரியில் கன்று கிடைத்தால் இடம் உள்ளவர்கள் ஒன்று நடுங்கள்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், ஏர், உலக்கை, மத்து, வண்டிச் சக்கரம், மண்வெட்டிப் பிடி, தோணித் துடுப்பு, இவற்றில் எது எந்த மரம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் உச்சரித்தபடியே எழுதுங்கள், ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மரைன் பிளைவுட்டும் பைபரும் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது. வந்தவற்றைத் தொகுத்து அடுத்த மாதம் இங்கேயே போடுகிறேன். ஈழத்து உறவுகள் எழுதினால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி.